வாடுமுன் மூடும் இலைத்துளைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தாவரவியல் படித்தவர்களும் படிக்காதவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கிற அவை இது. முன்வரிசையில் விவசாயிகள் சிலரும் இருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதை விடாமல் தொடரலாம் என்று நினைக்கிறேன். மண்ணில் ஈரம் குறைந்துகொண்டு வருகிறது. இலை இன்னும் வாடவில்லை, பச்சையாக விறைப்பாகத்தான் நிற்கிறது. ஆனால் அதிலுள்ள துளைகள் அதற்குள் மூடத் தொடங்கிவிடுகின்றன. இலைக்கு யார் சொன்னது?

முதலில் துளையைப் பற்றிச் சுருக்கமாக. இலையின் புறத்தோல் மெழுகுப் படலம் பூசியது. அதை ஊடுருவித் தண்ணீரோ காற்றோ எளிதில் போக முடியாது. போக்குவரத்துக்கென்று இருப்பவை இலைத்துளைகள். ஒவ்வொரு துளையையும் இரண்டு காப்புச் செல்கள் இருபுறமும் அணைத்திருக்கின்றன. துளைகள் எல்லாம் அகலத் திறந்தாலும் இலைப்பரப்பில் ஒன்றிரண்டு சதவீதம்தான் தேறும். ஆனாலும் செடி இழக்கும் நீரில் மிகப் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் போகிறது. கரியமில வாயு உள்ளே வருவதும் அதே வழியில்தான். செடிக்கு வேறு வழி இல்லை. நெல், கோதுமை போன்ற பயிர்கள் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடித்துவைக்க ஏறத்தாழ 400 நீர் மூலக்கூறுகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மக்காச்சோளமும் கரும்பும் 150 அளவில் சமாளிக்கின்றன. கள்ளி இனங்கள் இரவில் மட்டும் துளையைத் திறந்து 50 அளவுக்கு இறக்கிவிட்டன. துளையை மூடிவிட்டால் நீர் மிஞ்சும், ஆனால் உணவு தயாரிப்பு நிற்கும், இலையும் சூடேறும். எப்போது மூடுவது, எவ்வளவு மூடுவது என்பது செடிக்கு உயிர்ப் பிரச்சினை.

மூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். வரப்போரத்தில் நீலப்பூ பூக்கும் கானாம்வாழையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் இலையை மடித்து ஒடித்து, அடிப்பக்கத் தோலை மெதுவாக இழுத்தால் கண்ணாடித்தாள் கனத்தில் ஒரு பட்டை உரிந்து வரும். பொட்டாசியம் குளோரைடு கலந்த நீரில் அந்தப் பட்டையை மிதக்கவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் வெளிச்சத்தில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். காப்புச் செல்கள் புடைத்து வளைந்து, நடுவே துளை தெளிவாகத் திறந்திருக்கும். இப்போது அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனை மிக நீர்த்த கரைசலாகச் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராமே தாராளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல்களின் புடைப்பு தளரும், துளை ஒடுங்கி ஒரு கோடாகிவிடும். இங்கே இலை இல்லை, வேர் இல்லை, வறட்சியும் இல்லை. பட்டை தண்ணீரில்தான் மிதக்கிறது. ஆனாலும் காப்புச் செல் தண்ணீரே இல்லை என்ற சேதியை நம்பி மூடிக்கொள்கிறது. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் வி. எஸ். ராமதாஸும் ஏ. எஸ். ராகவேந்திராவும் 1970களில் இதே கானாம்வாழைப் பட்டையை வைத்துத்தான் ஆய்வு செய்தார்கள். ராகவேந்திரா பின்னாளில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையில் உலகம் மதிக்கும் பெயராக வளர்ந்தார். நம் பக்கத்து ஊர்க்காரர்களின் இந்தப் பங்கை நம் பாடநூல்கள் சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

புடைப்புக்குக் காரணம் பொட்டாசியம். ஜப்பானில் இமாமுரா 1943இலேயே இதைச் சொல்லிவிட்டார்; போர்க்காலத்தில் யார் காதிலும் விழவில்லை. 1960களின் இறுதியில்தான் உலகம் ஏற்றுக்கொண்டது. பொட்டாசியம் அயனிகள் காப்புச் செல்லுக்குள் புகுந்தால் பின்னாலேயே தண்ணீர் புகும், விறைப்பழுத்தம் ஏறும், துளை திறக்கும். வெளியேறினால் மூடும். மூடச் சொல்லும் சேதி எதுவானாலும், கடைசியில் இந்த அயனிகளை வெளியேற்றியாக வேண்டும்.

அப்சிசிக் அமிலத்தைக் கண்டுபிடித்தவர்கள் இலைத்துளையைத் தேடிப் போனவர்கள் அல்லர். கலிபோர்னியாவில் அடிகாட்டும் ஒகுமாவும் பருத்திக் காய்கள் ஏன் இளசிலேயே உதிர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல்ஸில் வேரிங், மர மொட்டுகள் குளிர்காலத்தில் ஏன் உறங்குகின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். இருவரும் பிரித்தெடுத்தது ஒரே பொருள் என்பது 1965இல் உறுதியானது. 1969இல் இங்கிலாந்தில் ரைட்டும் ஹிரானும், பறித்து வாடவிட்ட கோதுமை இலையில் இந்த அமிலம் சில மணி நேரத்துக்குள் 40 மடங்கு வரை ஏறுவதைக் கண்டார்கள். அதே ஆண்டு இலைக்கு இதைக் கொடுத்தால் துளை மூடும் என்பதை மிட்டல்ஹாய்சரும் வான் ஸ்டெவெனிங்கும் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு இஸ்ரேலிலிருந்து வந்த ஆய்வு ஐயத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. ஃப்ளாக்கா என்று ஒரு தக்காளி வகை உண்டு. தண்ணீர் விட்டாலும் வெயிலில் துவண்டு போகும், ஏனென்றால் அதன் துளைகள் மூடத் தெரியாதவை. இம்பரும் தாலும் அதன்மேல் அப்சிசிக் அமிலத்தைத் தெளித்துவந்தார்கள். செடி நிமிர்ந்து நின்றது. அந்தச் செடிக்கு இந்த அமிலத்தைச் சரியாகத் தயாரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் அதன் நோய்.

இதே அமிலம்தான் விதையையும் உறங்க வைக்கிறது. இதைத் தயாரிக்க முடியாத மக்காச்சோளத்தில் விதைகள் கதிரிலேயே முளைத்துவிடும். அறுவடை நேரத்து மழையில் சாய்ந்த நெற்கதிர் வயலிலேயே முளைவிடுவதைப் பார்த்து நொந்த டெல்டா விவசாயிக்கு, உறக்கம் குறைந்த ரகத்தின் விலை என்ன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது வேறொரு சொற்பொழிவுக்கான விஷயம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். நீர் குறைந்ததும் இலை தளர்கிறது, தளர்ந்ததும் துளை மூடுகிறது என்றுதான் வெகுகாலம் பாடம் நடத்தினோம். இதை உடைத்த முதல் பயிர்களில் ஒன்று நம் தட்டைப்பயறு. 1981இல் கலிபோர்னியாவில் பேட்ஸும் ஹாலும் தட்டைப்பயறில் அளந்து பார்த்தபோது, மண் காயக் காயத் துளைகள் மூடிக்கொண்டே வந்தன. இலையின் நீர்நிலையிலோ சொல்லும்படியான மாற்றமே இல்லை. 1986இல் ஆஸ்திரேலியாவில் கோலன், பாசியூரா, மன்ஸ் ஆகியோர் செய்தது இன்னும் துணிச்சலான சோதனை. வேர்த்தொட்டியை ஓர் அழுத்தக் கலனுக்குள் வைத்து மூடினார்கள். தண்டும் இலையும் வெளியே. மண் காயக் காய உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றி, வேரிலிருந்து நீரை மேலே தள்ளினார்கள். இலை முழு விறைப்போடு இருந்தது, அதற்கு எந்தக் குறையும் இல்லை. அப்படியும் கோதுமையிலும் சூரியகாந்தியிலும் துளைகள் மூடின. மண்ணில் நடப்பது இலைக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டேவிஸ் குழுவினர் மக்காச்சோளத்தின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டிகளில் வளர்த்தார்கள். ஒரு தொட்டிக்குத் தண்ணீர், மற்றொன்றுக்குக் காய்ச்சல். ஈரத் தொட்டியிலிருந்து வேண்டிய நீர் இலைக்குப் போய்க்கொண்டிருந்தும் துளைகள் ஒடுங்கின. 1990இல் இதே முறையை ஆப்பிள் கன்றில் செய்து ஒரு படி மேலே போனார்கள். காய்ந்த பக்கத்து வேரை வெட்டி எறிந்தார்கள். குன்றியிருந்த இலை வளர்ச்சி பழைய நிலைக்குத் திரும்பியது! இந்த முடிவைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிரச்சினை தண்ணீர்ப் பற்றாக்குறையாக இருந்தால், வேரை வெட்டுவதால் பற்றாக்குறை எப்படித் தீரும்? காய்ந்த வேர் எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது, வெட்டியதும் அது நின்றது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். கத்தியைத் தவிர வேறு கருவி இல்லாமல் ஒரு கொள்கையைத் தீர்த்துவைத்தது.

பழைய ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். பயிர் வாடுகிறதா என்று பார்த்து அவர் மடையை அடைப்பதில்லை. ஏரியில் நிற்கும் நீரைப் பார்த்து முறை வைப்பார். செடியும் இலையின் கையிருப்பைப் பார்த்துக்கொண்டு காத்திராமல், மண்ணின் கையிருப்பைப் பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்கிறது.

வேர் அனுப்பும் அந்தச் சேதி அப்சிசிக் அமிலம்தான் என்று ஜாங் ஜியன்ஹுவாவும் டேவிஸும் சொன்னார்கள். வேரிலிருந்து மேலேறும் சாற்றில் அது கூடுவதையும் காட்டினார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. 1988இல் மன்ஸும் கிங்கும் கோதுமைச் சாற்றிலிருந்து அந்த அமிலத்தை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். மிச்சச் சாறும் துளையை மூடியது. 2002இல் ஹோல்புரூக் குழுவினர், அமிலம் தயாரிக்கத் தெரியாத தக்காளியின் வேர்மேல் நல்ல தக்காளியின் தண்டை ஒட்டுக்கட்டிக் காயவிட்டார்கள். வேரில் அமிலம் சுரக்க வழியில்லை, துளைகளோ ஒழுங்காக மூடின. சாற்றின் காரத்தன்மை கூடுவதும் ஒரு சேதி என்று வேறு சில ஆய்வுகள் காட்டின. இப்படி முப்பது ஆண்டு இழுபறி. 2018இல் ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் ஷினோசாகி குழுவினர், அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில் வேர் அனுப்பும் ஒரு குட்டிப் புரதத்தைப் பிடித்தார்கள். வெறும் 12 அமினோ அமிலங்கள் கொண்டது, பெயர் சிஎல்இ25. அது இலைக்குப் போய்ச் சேர்ந்ததும், அப்சிசிக் அமிலம் தயாரிக்கும் நொதியை இலை தானே முடுக்கிவிடுகிறது. ஆக, சேதி வேருடையது, அமிலத்தில் பெரும்பங்கு இலையுடையது. எல்லாப் பயிர்களிலும் இப்படித்தான் என்று சொல்லத் துணியமாட்டேன். வேர், வேர் என்று வாதிட்டவர்களும் இலை, இலை என்று வாதிட்டவர்களும் ஆளுக்குப் பாதி சரி என்பது என் கணிப்பு.

சேதி வந்தது. காப்புச் செல்லில் அதை வாங்கிக்கொள்வது எது? இந்த உணர்வேற்பியைத் தேடிய கதை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 2006, 2007 ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு புரதங்கள், மூன்று வெவ்வேறு குழுவினரால், உலகின் தலைசிறந்த இதழ்களில் உணர்வேற்பி என்று அறிவிக்கப்பட்டன. ஒரு கட்டுரை 2008இல் திரும்பப் பெறப்பட்டது. ஒன்றின் முடிவு மற்ற ஆய்வகங்களில் கிட்டவில்லை. இன்னொன்று சர்ச்சையிலேயே நிற்கிறது. பெரிய இதழில் அச்சானதாலேயே ஒரு முடிவு உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கள் துறையில் இல்லை.

உண்மையான ஏற்பி ஏன் அகப்படவில்லை? ஏற்பி ஒன்றல்ல, பல; ஒன்றைக் கெடுத்தால் அதன் வேலையை மற்றொன்று எடுத்துக்கொள்ளும். அராபிடாப்சிஸில் மொத்தம் 14 இருக்கின்றன. ஒன்றைச் சிதைத்துவிட்டுச் செடியைப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் ஷான் கட்லர் வேறு வழியில் போனார். விதை முளைப்பைத் தடுக்கும் செயற்கை வேதிப்பொருள்களைச் சலித்து, பைராபேக்டின் என்ற ஒன்றை எடுத்தார். இயற்கை ஹார்மோன் 14 ஏற்பிகளோடும் பேசும். பைராபேக்டினோ விதையில் முக்கியமாக ஒன்றோடுதான் பேசியது. ஆகவே அந்த ஒன்று கெட்ட செடி உடனே தனித்துத் தெரிந்தது. 2009இல் இது வெளியானபோது, மியூனிக்கில் எர்வின் கிரில் குழுவினரும் வேறு வழியில் அதே புரதக் குடும்பத்தை வந்தடைந்திருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பல ஆய்வகங்கள் அதன் படிக அமைப்பையும் வெளியிட்டு உறுதி செய்துவிட்டன.

அதன்பின் சங்கிலி முழுவதும் தெளிந்தது. காப்புச் செல்லில் ஓஎஸ்டி1 என்று ஒரு கைனேஸ் நொதி இருக்கிறது. துளையை மூடும் வேலையைத் தொடங்கிவைப்பது இதுதான். ஆனால் சாதாரண நாளில் ஒரு பாஸ்பேட்டேஸ் நொதி இதை வேலை செய்யவிடாமல் அமுக்கி வைத்திருக்கும். அப்சிசிக் அமிலம் ஏற்பிக்குள் புகுந்ததும், ஏற்பி வடிவம் மாறிப் போய் அந்தப் பாஸ்பேட்டேஸை மடக்கிக்கொள்கிறது. விடுபட்ட ஓஎஸ்டி1, செல்சவ்விலுள்ள ஸ்லாக்1 என்ற அயனி வழியைத் திறக்கிறது. குளோரைடு போன்ற எதிர்மின் அயனிகள் வெளியேறுகின்றன, சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, பொட்டாசியமும் கிளம்புகிறது, தண்ணீர் பின்தொடர்கிறது, துளை மூடுகிறது. இடையே கால்சியம், ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு மூன்றும் சேதியை உரக்கச் சொல்கின்றன. ஓஎஸ்டி1 கிடைத்த விதமும் அழகானது. 2002இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் ஏராளமான செடிகளை வெப்பப் படக்கருவியில் பார்த்தார்கள். வறட்சியிலும் துளை மூடாத செடி ஆவியாதலால் குளிர்ந்தே இருக்கும். கருவியில் அது மட்டும் தனி நிறத்தில் நின்றது.

துளை என்றால் தண்ணீரும் காற்றும் மட்டுமல்ல, கிருமியும் உள்ளே வரலாம். சூடோமோனாஸ் பாக்டீரியா இலையில் பட்டதும் செடி அதை அடையாளம் கண்டு, ஒரு மணி நேரத்துக்குள் துளைகளை மூடிவிடுகிறது. சாலிசிலிக் அமிலமும் அப்சிசிக் அமிலமும் இதில் சேர்ந்து வேலை செய்கின்றன. பாக்டீரியா சும்மா இருப்பதில்லை. கொரோனட்டின் என்ற நச்சைச் சுரக்கிறது. செடியின் சொந்த ஜாஸ்மோனேட் ஹார்மோனின் சாயலில் அமைந்த பொருள் அது. மூன்று மணி நேரத்தில் துளைகள் மறுபடியும் திறந்துவிடுகின்றன. மிச்சிகனில் மெலோட்டோவும் ஷெங் யாங் ஹேயும் 2006இல் இதைக் காட்டினார்கள். பாதாம், பீச் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை ஃபியூசிகாக்சின் என்ற நச்சால் துளைகளை நிரந்தரமாகத் திறந்து வைத்து இலையைக் காயவைக்கிறது. எத்திலீன், சைட்டோகைனின், ஆக்சின் முதலிய ஹார்மோன்களுக்கும் துளையின் இயக்கத்தில் பங்குண்டு. ஆனால் இடத்துக்கு இடம், பயிருக்குப் பயிர் மாறுகிற பங்கு. தேர்வுக்காக அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

விவசாயிகள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டார்கள். இதனால் என்ன பயன் என்பதைச் சொல்லியாக வேண்டும். அப்சிசிக் அமிலத்தைத் தெளித்து வறட்சியைத் தாண்டிவிடலாமா? பெரிய வயலில் கட்டுப்படியாகாது. வெயிலில் சிதைந்தும் விடும். திராட்சைக்கு நிறம் ஏற்ற விற்கிறார்கள், அது வேறு கணக்கு. கட்லர் குழுவினர் 2015இல் ஒரு தந்திரம் செய்தார்கள். உருளைக்கிழங்கின் பின்பருவ இலைக்கருகலுக்குத் தெளிக்கும் மாண்டிப்ரோபமிட் என்ற பூஞ்சைக்கொல்லியை உணரும்படி ஏற்பியின் அமைப்பை மாற்றி, செடியில் வைத்தார்கள். மருந்தைத் தெளித்தால் துளை மூடியது. மெச்சத்தக்க வேலைதான். ஆனால் மரபணு மாற்றிய பயிர் வேண்டும், தெளிக்க வேண்டிய நாளும் தெரிய வேண்டும். மேலும் துளையை மூடுவது இலவசம் அல்ல. மூடிய ஒவ்வொரு நாளும் மகசூலில் கழியும். இந்த உண்மையைச் சொல்லாமல் வறட்சி தாங்கும் பயிர் என்று விளம்பரம் செய்பவர்களை நான் நம்புவதில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது வேரின் சேதியையே பாசனத்தில் பயன்படுத்துவது. ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் பீட்டர் டிரையும் பிரையன் லவ்வீஸும் கொடியின் ஒருபக்க வேருக்கு மட்டும் நீர் விட்டு, மறுபக்கத்தைக் காயவிட்டு, சுமார் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை பக்கம் மாற்றினார்கள். நனைந்த வேர் தண்ணீர் கொடுக்கும், காய்ந்த வேர் எச்சரிக்கை கொடுக்கும். துளைகள் அரைகுறையாக மூடி, தண்ணீர் மிச்சமானது. விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. சீனாவின் வறண்ட கான்சு மாநிலத்தில் மக்காச்சோளத்துக்கு ஒன்று விட்டு ஒரு சாலில் மாற்றி மாற்றி நீர் பாய்ச்சி, நீரைப் பாதி வரை குறைத்தும் மகசூலைக் காத்தார்கள். மாற்றுவதுதான் இதில் முக்கியம். எப்போதும் ஒரே சாலுக்குப் பாய்ச்சினால் மறுபக்க வேர் ஒரேயடியாகக் காய்ந்து, அதிலிருந்து சாறு ஏறுவதே நின்றுவிடும். சாறு ஏறாவிட்டால் சேதி ஏது?

நெல்லுக்கு நம்மிடம் காய்ச்சலும் பாய்ச்சலும் ஏற்கனவே உண்டு. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சினால் போதும் என்கிறது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம். மணி பிடிக்கும் பருவத்தில் மிதமாகக் காயவிட்டால், கதிரில் அப்சிசிக் அமிலம் கூடி, பிந்திப் பூத்த மணிகளும் நன்றாக நிரம்புவதைச் சீனத்தில் யாங் ஜியன்சாங்கும் ஜாங் ஜியன்ஹுவாவும் காட்டியிருக்கிறார்கள். மிதமாக என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். பூக்கும் நேரத்தில் காயவிட்டால் பதர்தான் மிஞ்சும்.

கடைசியாக, இந்தக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதுகலைத் திட்டக்கட்டுரைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நிறமற்ற நெயில் பாலிஷை இலையின் அடிப்பக்கம் பூசி, காய்ந்ததும் ஒட்டும் நாடாவால் எடுத்தால் துளைகளின் அச்சு கிடைக்கும். மானாவாரி நிலத்தில் தட்டைப்பயறு, கம்பு, வரகு, சாமை என்று உங்கள் ஊரில் விதைக்கிற ரகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மழை நின்ற நாளிலிருந்து தினமும் காலை ஒரே நேரத்தில் அச்செடுங்கள், மண் ஈரத்தையும் எடை பார்த்துக் குறியுங்கள். எந்த ரகம் வாடுவதற்கு எத்தனை நாள் முன்பே மூடுகிறது, எது கடைசிவரை திறந்து வைத்துச் சூதாடுகிறது என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். அந்தக் குறிப்பேட்டை ஆசிரியரிடம் கொடுப்பதோடு நிறுத்தாமல், அந்த நிலத்துக்காரரிடமும் ஒரு படி கொடுங்கள்.